பெயருக்கு முன் பிணைப்பு

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். வேதிப்பிணைப்பு, சேர்மங்களுக்குப் பெயரிடுதல் ஆகிய இரண்டு பாடங்களையும் நடத்தி முடித்துவிட்டேன். தேர்வுக்கு முன் திருப்புதலுக்கு ஐந்து பாடவேளைகள் கிடைத்திருக்கின்றன. அயனிச் சேர்மங்களுக்குத் தனியாகவும் சகப்பிணைப்புச் சேர்மங்களுக்குத் தனியாகவும் பயிற்சித்தாள் கொடுத்தால் பெரும்பாலான மாணவர்கள் சரியாக எழுதிவிடுகிறார்கள். இரண்டும் கலந்து வந்தால் ‘மெக்னீசியம் டைகுளோரைடு’, ‘நைட்ரஜன் ஆக்சைடு’, ‘இரும்பு குளோரைடு’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். விதிகளை ஒரே பக்கத்தில் சுருக்கிக் கொடுத்தும் பார்த்தேன். ஒப்பிக்கிறார்கள், பயன்படுத்தத் தெரியவில்லை. திருப்புதலை எங்கிருந்து தொடங்குவது? எட்டு எலக்ட்ரான் விதிக்கு அடங்காத சேர்மங்களையும் இப்போது எடுக்கலாமா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

தனித்தனியாகக் கொடுத்தால் சரி, கலந்து கொடுத்தால் தவறு என்கிறீர்கள். உங்கள் மாணவர்களின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. பயிற்சித்தாளின் தலைப்பில் ‘அயனிச் சேர்மங்கள்’ என்று அச்சிட்டுவிட்டால், அந்தத் தாளில் செய்ய வேண்டிய மிகக் கடினமான வேலையை நீங்களே செய்து கொடுத்துவிடுகிறீர்கள். மாணவர்களுக்கு மிஞ்சுவது பெயரின் வாலை மாற்றும் வேலை மட்டுமே. தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. எதிரே இருப்பது எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகளால் ஆன அயனிச் சேர்மமா, எலக்ட்ரான்களைப் பங்கிட்டுச் சேர்ந்த அணுக்களாலான மூலக்கூறா என்று அவர்கள் ஒருமுறைகூடத் தாங்களாக முடிவு செய்து பழகவில்லை. விதிகள் அவர்களுக்குத் தெரியும். எந்த விதியை எப்போது எடுப்பது என்பதுதான் தெரியவில்லை. சுருக்கப் பக்கம் பயன்படாமல் போனதற்கும் இதுவே காரணம்.

அதனால் திருப்புதலைப் பெயரிடும் விதிகளிலிருந்து தொடங்காதீர்கள். முதல் பாடவேளையில் ஒரு சேர்மத்துக்குக்கூடப் பெயர் எழுத வேண்டாம். இருபது வாய்பாடுகளைச் சிறு அட்டைகளில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுங்கள். மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: ஒரே ஒரு மின்சுமை மட்டும் கொள்ளும் உலோகம் உள்ளவை, ஒன்றுக்கு மேற்பட்ட மின்சுமை கொள்ளும் உலோகம் உள்ளவை, உலோகமே இல்லாதவை. ஒவ்வொரு அட்டையையும் வைக்கும்போது ஏன் அங்கே வைக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வகுப்பில் சத்தம் எழும், எழட்டும். நாற்பது நிமிடமும் இதற்கே போனாலும் கவலைப்படாதீர்கள். மற்ற நான்கு பாடவேளைகளும் இந்தப் பிரிப்பின் மேல்தான் நிற்கப் போகின்றன.

அட்டைகளைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் சூழ்ச்சி வேண்டும். ‘இடைநிலை உலோகம் என்றால் மின்சுமை மாறும்’ என்று மாணவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள். அதைச் சோதிக்கத் துத்தநாகமும் வெள்ளியும் கட்டாயம் இருக்கட்டும். துத்தநாகம் சேர்மங்களில் இரண்டு நேர்மின்சுமையும், வெள்ளி வழக்கமாக ஒரு நேர்மின்சுமையும் கொள்கின்றன. இரண்டும் முதல் குவியலைச் சேர்ந்தவை. வெள்ளீயமும் காரீயமும் இடைநிலை உலோகங்கள் அல்ல, ஆனாலும் இரண்டு, நான்கு என்று இருவகை மின்சுமை கொள்கின்றன. அவை இரண்டாவது குவியலுக்குப் போக வேண்டும். கடைசியாக ஓர் அம்மோனியம் சல்பேட் அட்டை. அதில் உலோகம் இல்லை. எல்லாக் குழுக்களும் அதை மூன்றாவது குவியலில்தான் போடும். இப்போதைக்குத் திருத்தாதீர்கள். அந்த அட்டைக்கு இரண்டாவது பாடவேளையில் பெரிய வேலை இருக்கிறது.

பிரித்து முடித்த பிறகு, பெயரிடுதலின் அத்தனை விதிகளுக்கும் அடியில் இருக்கும் ஒரே கொள்கையைச் சொல்லுங்கள்: பிணைப்பு தானாகவே முடிவு செய்துவிட்ட எதையும் பெயர் திரும்பச் சொல்வதில்லை; பிணைப்பு முடிவு செய்யாமல் விட்டதை மட்டுமே சொல்கிறது. இதைப் பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, மாணவர்கள் எழுதிய அந்த மூன்று தவறுகளையும் இதன் கீழ்க் கொண்டுவாருங்கள்.

மெக்னீசியம் எப்போதும் இரண்டு நேர்மின்சுமை கொள்ளும். குளோரைடு ஓர் எதிர்மின்சுமை கொள்ளும். மொத்த மின்சுமை சுழியாக வேண்டுமானால் ஒரு மெக்னீசியத்துக்கு இரண்டு குளோரைடு இருந்தே தீர வேண்டும். வேறு வழியே இல்லை. அதனால் ‘டை’ தேவையில்லை. ‘மெக்னீசியம் டைகுளோரைடு’ என்று எழுதிய மாணவனிடம் அந்தப் பெயர் பொய்யென்று சொல்லாதீர்கள். தேவையில்லாததைச் சொல்கிறது என்று சொல்லுங்கள். நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேரும்போது நிலைமை தலைகீழ். இரண்டும் அலோகங்கள், எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எத்தனை அணு எத்தனை அணுவோடு சேரும் என்பதை முடிவு செய்யும் மின்சுமைக் கணக்கு எதுவும் அங்கே கிடையாது. நன்கறியப்பட்ட நைட்ரஜன் ஆக்சைடுகளே ஆறு இருக்கின்றன. ‘நைட்ரஜன் ஆக்சைடு’ என்றால் ஆறில் எது? அதனால்தான் டைநைட்ரஜன் மோனாக்சைடு, டைநைட்ரஜன் பென்டாக்சைடு என்று அணுக்களை எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரும்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குளோரைடின் மின்சுமை தெரியும், இரும்பின் மின்சுமை இரண்டா மூன்றா என்பது மட்டும் தெரியாது. ஆகவே பெயர் அந்த ஒன்றை மட்டும், அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணாக, சொல்கிறது.

மூன்று விதிகளும் ஒரே கேள்விக்குக் கிடைக்கும் மூன்று விடைகள்தான்: வாய்பாட்டைத் திரும்பப் பெறுவதற்கு இன்னும் என்ன தெரிய வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய மாணவி விதியை மறந்தாலும் தானாகவே அதை மீட்டெடுத்துக்கொள்வாள். சுருக்கப் பக்கத்தை நம்பியிருப்பவளுக்கு அது முடியாது.

அந்த ரோமன் எண்ணின் இடத்தில் ஒரு பழைய புதைகுழி இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே வேலி போடுங்கள். இரும்பு சல்பேட் ஒன்றின் வாய்பாட்டில் இரண்டு இரும்பும் மூன்று சல்பேட்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் பாதிப் பேர் இரும்பின் அருகில் உள்ள 2 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ‘இரும்பு இரண்டு சல்பேட்’ என்று எழுதுவார்கள். கீழே எழுதப்படும் எண் அணுக்களின் எண்ணிக்கை; ரோமன் எண் ஓர் அணுவின் மின்சுமை. இந்த வேறுபாட்டை வாயால் சொன்னால் போதாது, கணக்காகவே செய்ய வையுங்கள்: சல்பேட் ஒன்றுக்கு இரண்டு எதிர்மின்சுமை, மூன்று சல்பேட்டுக்கு ஆறு, அதைச் சமன்செய்ய ஆறு நேர்மின்சுமை, இரண்டு இரும்புக்கு ஆறு என்றால் ஒன்றுக்கு மூன்று. எனவே பெயரில் வரும் எண் மூன்று.

இணைதிறன்களைக் குறுக்கே மாற்றி எழுதும் முறையை நீங்களும் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். பெயரிலிருந்து வாய்பாட்டுக்குப் போக அது உதவும் என்பது உண்மை. வாய்பாட்டிலிருந்து பெயருக்கு வரும்போது அதே வழியில் திரும்பி நடந்தால் பள்ளத்தில் விழ நேரிடும். ஒரு வெள்ளீயமும் இரண்டு ஆக்சிஜனும் கொண்ட ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். எண்களைத் திருப்பிக் குறுக்கே மாற்றினால் வெள்ளீயத்துக்கு இரண்டு, ஆக்சிஜனுக்கு ஒன்று என்று வரும். ஆக்சைடு அயனியின் மின்சுமை இரண்டு என்பது தெரிந்த மாணவன் உடனே கண்டுபிடித்துவிடுவான்: இரண்டு ஆக்சைடுக்கு நான்கு, எனவே வெள்ளீயம் நான்கு. இந்த ஒரு எடுத்துக்காட்டைச் செய்து பார்த்த வகுப்பு அதன் பிறகு மின்சுமையைக் கூட்டிப் பார்க்காமல் ரோமன் எண் எழுதாது. ‘ஃபெரஸ், ஃபெரிக், குப்ரஸ், குப்ரிக்’ என்ற பழைய பெயர்கள் உங்கள் பாடத்திட்டத்தில் இருந்தால் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுங்கள். ஃபெரஸ் என்றால் இரண்டு, குப்ரஸ் என்றால் ஒன்று. ‘அஸ்’ என்ற ஈறு குறைந்த மின்சுமையைக் காட்டுமே தவிர, எத்தனை என்று காட்டாது. ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1919-இல் எண்ணையே பெயருக்குள் வைக்கலாம் என்று முன்மொழிந்தது இந்தக் குறையைப் போக்கத்தான்.

இப்போது அந்த அம்மோனியம் சல்பேட் அட்டைக்கு வருவோம். இரண்டாவது பாடவேளை முழுவதையும் இந்த ஒரே சேர்மத்துக்குக் கொடுக்கச் சொல்வேன். பிணைப்புப் பாடத்தின் பெரும்பகுதி இதற்குள் அடங்கியிருக்கிறது. அம்மோனியம் அயனிக்கு, வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் புள்ளி அமைப்பு வரையச் சொல்லுங்கள். நைட்ரஜனுக்கு ஐந்து, நான்கு ஹைட்ரஜனுக்கு நான்கு, மொத்தம் ஒன்பது எலக்ட்ரான் என்று எண்ணுவார்கள். பிறகு ஒன்று மிஞ்சுகிறதே என்று விழிப்பார்கள். நேர்மின்சுமை என்பது ஓர் எலக்ட்ரான் குறைவதுதான் என்று அந்தக் கணத்தில் அவர்களே சொல்லும்வரை காத்திருங்கள். எட்டு எலக்ட்ரான், நான்கு பிணைப்பு, கணக்கு நேராகிவிடும். அம்மோனியாவிடம் இருந்த தனித்த இணையை ஒரு ஹைட்ரஜன் அயனி பங்கிட்டுக்கொள்வதால்தான் இந்த அயனி உருவாகிறது என்று ஈதல் சகப்பிணைப்பையும் இங்கேயே நினைவூட்டலாம். உருவான பின் நான்கு பிணைப்புகளும் ஒன்றேபோல் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சல்பேட்டுக்கு ஆறும் இருபத்து நான்கும் கூட்டி, எதிர்மின்சுமைக்காக இரண்டைச் சேர்த்தால் முப்பத்திரண்டு. சல்பேட்டில் கூட்ட வேண்டும், அம்மோனியத்தில் கழிக்க வேண்டும். இரண்டையும் பக்கம் பக்கமாகச் செய்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிறகு கேளுங்கள்: இந்தச் சேர்மத்தில் எந்தப் பிணைப்பு இருக்கிறது? ஒவ்வொரு அயனிக்கும் உள்ளே சகப்பிணைப்பு. அயனிக்கும் அயனிக்கும் இடையே அயனிப் பிணைப்பு. பெயர் எந்த வழியைப் பின்பற்றுகிறது? அயனி வழியை. அதனால் ‘டைஅம்மோனியம்’ கிடையாது. ‘உலோகம் இல்லாவிட்டால் மூலக்கூறு’ என்ற விதிக்கு விலக்கு அம்மோனியம் என்று ஒரு வரியில் எழுதிப் போட்டிருந்தால் இது எதுவும் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. அட்டையை அவர்கள் கையாலேயே அயனிகளின் பக்கம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பல்லணு அயனிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். அதற்கு மாற்று கிடையாது. ஆனால் பட்டியலை இணை இணையாகக் கொடுங்கள்: நைட்ரேட்டும் நைட்ரைட்டும், சல்பேட்டும் சல்பைட்டும். ‘ஏட்’ என்றால் எத்தனை ஆக்சிஜன் என்று மாணவர்கள் கேட்பார்கள். நைட்ரேட்டில் மூன்று, சல்பேட்டில் நான்கு. நிலையான எண் எதுவும் இல்லை. ‘ஐட்’ என்பதில் அதைவிட ஓர் ஆக்சிஜன் குறைவு, மின்சுமை மாறாது என்பதே அவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது. சல்பைடும் சல்பைட்டும் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழுவதால், பெயரோடு அயனியின் வாய்பாட்டையும் சேர்த்து எழுதும் பழக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். அமிலங்களின் பெயர்களை ஒரு பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ‘ஏட்’ அயனி ‘இக்’ அமிலமாகவும் ‘ஐட்’ அயனி ‘அஸ்’ அமிலமாகவும் மாறும் என்பது அயனிகள் கைவந்த பிறகு தானாக வந்துவிடும்.

மூன்றாவது பாடவேளையில் பிணைப்பைப் பற்றிய இரண்டு தவறான எண்ணங்களைக் களைந்தாக வேண்டும். இவற்றை விட்டுவிட்டுப் பெயரிடுதலை எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வராது.

முதலாவது, சோடியம் குளோரைடை ஒரு மூலக்கூறாக நினைப்பது. ஒரு சோடியம், ஒரு குளோரின், நடுவே ஓர் அம்புக்குறி என்று நாம் பலகையில் வரையும் படமே இதற்கு வித்திடுகிறது. தந்தையும் மகனுமான பிராக் இருவரும் 1913-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றிலும் ஆறு குளோரைடு அயனிகளும் ஒவ்வொரு குளோரைடைச் சுற்றிலும் ஆறு சோடியம் அயனிகளும் இருப்பது தெரிந்தது. ஜோடி என்று எதையும் பிரித்துக் காட்ட முடியாது. வேதியியலில் பெயர்பெற்ற ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1927-இல்கூட இதை ஏற்க மறுத்து ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். அத்தகையவருக்கே கடினமாக இருந்த ஒன்றை உங்கள் மாணவர்கள் ஒரே வகுப்பில் விழுங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொறுமையாகத் திரும்பத் திரும்பக் காட்டுங்கள். இது புரிந்தால்தான் அயனிச் சேர்மத்தின் வாய்பாடு ஒரு விகிதம் என்பது புரியும். விகிதம் என்பது புரிந்தால் ‘டை’, ‘ட்ரை’ போன்ற எண்ணிக்கைச் சொற்கள் ஏன் மூலக்கூறுகளுக்கு மட்டும் பொருந்துகின்றன என்பதும் விளங்கும். பிணைப்பும் பெயரிடுதலும் கைகோக்கும் இடம் இதுவே.

இரண்டாவது, ‘சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது, எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்பதற்காக வினை நடக்கிறது’ என்ற பேச்சு. எண்களைப் பாருங்கள். ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகிறது. குளோரின் அதை ஏற்கும்போது வெளிவருவது 349 கிலோஜூல்தான். அந்த அளவில் நின்றால் 147 கிலோஜூல் நட்டம். எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் நெருங்கிப் படிகமாக அடுக்கப்படும்போது வெளிவரும் 787 கிலோஜூலே இந்த நட்டத்தை ஈடுகட்டி வினையை முன்னே தள்ளுகிறது. எலக்ட்ரான் இடம்மாறுவது மட்டுமே பிணைப்பு அல்ல. அயனிகளுக்கிடையே உள்ள ஈர்ப்பே பிணைப்பு. இந்த எண்கள் தேர்வுக்கு வேண்டியதில்லை, ஆனால் உங்கள் வாயிலிருந்து வரும் சொற்களை இவை மாற்றும். ‘விரும்புகிறது’ என்பதை விட்டுவிட்டு ‘ஈர்க்கிறது’ என்று பேசத் தொடங்குவீர்கள். சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. மெக்னீசியம் ஆக்சைடு உருக 2,800 டிகிரிக்கும் மேல் வேண்டும். ஏன் என்று கேளுங்கள். ஈர்ப்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட மாணவர்கள், ஒன்றும் ஒன்றும் உள்ள இடத்தில் இரண்டும் இரண்டும் மின்சுமை இருக்கிறது என்று தாங்களாகவே சொல்வார்கள்.

எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாடு 1.7-க்கு மேல் இருந்தால் அயனிப் பிணைப்பு என்ற கோட்டை வைத்துப் பெயரிடும் முறையைத் தீர்மானிக்க வேண்டாம். வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் அளவீட்டில் ஃபுளோரின் 3.98, ஹைட்ரஜன் 2.20, வேறுபாடு 1.78. கோட்டைத் தாண்டிவிட்டது, ஆனாலும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு மூலக்கூறுகளால் ஆனதுதான். அலுமினியத்துக்கும் குளோரினுக்கும் வேறுபாடு 1.55. அதன் குளோரைடு சூடாக்கினால் மூலக்கூறுகளாக ஆவியாகிறது, ஆனால் பள்ளி மரபில் அயனிச் சேர்மம்போல் அலுமினியம் குளோரைடு என்றே அழைக்கிறோம். பிணைப்பு ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் படிப்படியாக மாறுகிறது. பெயரிடும் மரபு பெரும்பாலும் உலோகமா அலோகமா என்றே பார்க்கிறது. இதை மறைக்காமல் சொல்லிவிட்டால் கெட்டிக்கார மாணவர்கள் குழம்ப மாட்டார்கள்.

எட்டு எலக்ட்ரான் விதிக்கு, அதாவது பிணையும் அணுவின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் அமையும் என்ற விதிக்கு, அடங்காதவை பற்றிக் கேட்டிருந்தீர்கள். போரான் ட்ரைஃபுளோரைடு, பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு, சல்பர் ஹெக்சாஃபுளோரைடு ஆகியவற்றைப் பெயரிடும் பயிற்சியில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத எலக்ட்ரான் கணக்கு தேவையில்லை. புள்ளி அமைப்பாக இப்போது புதிதாகத் தொடங்காதீர்கள். முன்பே நடத்தியிருந்தால் மட்டும், போரானைச் சுற்றி ஆறு, பாஸ்பரஸைச் சுற்றிப் பத்து, சல்பரைச் சுற்றிப் பன்னிரண்டு என்று நினைவூட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நான்காவது பாடவேளை கலவைப் பயிற்சிக்கு. ஒவ்வொரு வினாவும் முந்தைய வினாவிலிருந்து வேறு வகையாக இருக்கட்டும்: கால்சியம் பாஸ்பேட்டுக்கு அடுத்துக் கார்பன் டெட்ராகுளோரைடு, அதற்கடுத்துத் தாமிரத்தின் ஓர் ஆக்சைடு, அதற்கடுத்து அம்மோனியம் நைட்ரேட். பாதி வினாக்கள் வாய்பாட்டிலிருந்து பெயருக்கும், மீதி பெயரிலிருந்து வாய்பாட்டுக்கும் போகட்டும். அதோடு தவறான பெயர்கள் சிலவற்றைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். விடையை மட்டும் எழுதினால் போதாது. பெயரில் இருப்பது தேவைக்கு மேலா, தேவைக்குக் குறைவா என்று ஒரு வரி எழுத வேண்டும். அவர்களே எழுதிய ‘மெக்னீசியம் டைகுளோரைடு’, ‘இரும்பு குளோரைடு’ ஆகியவற்றையே, யார் எழுதியது என்று சொல்லாமல், இந்தப் பட்டியலில் சேருங்கள். இந்தப் பாடவேளையில் நீங்கள் பலகைப் பக்கம் போகாமல் மேசைகளுக்கு இடையே நடந்துகொண்டிருப்பது நல்லது.

ஐந்தாவது பாடவேளையில் ஒரு சிறு தேர்வு வையுங்கள். விடைத்தாளில் இரண்டு பத்திகள் இருக்கட்டும்: முதலில் சேர்மத்தின் வகை, அடுத்து பெயர். இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண். வகை சரியாக இருந்து பெயர் மட்டும் தவறியவர்களுக்கு அயனிப் பட்டியலை இன்னொரு முறை படித்தாலே போதும். வகையிலேயே தவறியவர்களை மட்டும் தனியாக உட்கார வைத்து, முதல் நாள் அட்டைகளை மறுபடி எடுத்துக் கொடுங்கள்.